கதவுக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு ஸ்பிரிங்

ஒரு பொருள் எதைச் சேர்ந்தது என்பதை அதன் பெயர் சொல்கிறதா, அது இருக்கும் இடம் சொல்கிறதா? இந்தக் கேள்வியைச் சுற்றிச் சுற்றி வந்த புத்தகங்கள் ஏராளம். படித்து முடித்தவர்கள் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வதுதான் வழக்கம். லிஃப்ட் கம்பெனி ஒன்றில் உதிரிபாகப் பட்டியல் தயாரித்த ஒரு பெண்ணுக்கு இது புத்தகத்திலிருந்து வரவில்லை. பதினெட்டாயிரத்து நானூறு வரிகளாக ஒரு திங்கட்கிழமை காலையில் மேசைக்கு வந்து சேர்ந்தது. ஆனால் அதற்கு நாற்பது வருடம் முன்பே அவள் அதற்குள்தான் குடியிருந்தாள் என்று அவள் கணவனுக்கு ஒரு எண்ணம் உண்டு. அவன் அதே கம்பெனியில் மெக்கானிக். எண்ணங்களை வெளியே சொல்லும் பழக்கம் அவனுக்குக் குறைவு.

அலுவலகத்தில் அவளுக்கு அடுக்கு என்று பெயர். வயதில் சிறியவர்கள் அடுக்கு அக்கா என்பார்கள். எதையும் எதற்குள்ளாவது வைக்காமல் அவளால் இருக்க முடியாது. பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை, கடைசிப் பைக்குள் ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டிய நான்கு பை. வீட்டில் பாத்திரங்கள் எல்லாம் ஒன்றின் வயிற்றுக்குள் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஒரு ஊசி வேண்டுமென்றால் ஐந்து டப்பாவைத் திறக்க வேண்டும் என்று கணவன் அலுத்துக்கொள்வான். திறந்தால் ஊசி இருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்வான்.

நான்கு வயதில் அவள் பெரியம்மா வீட்டுக்குப் போனாள். பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை, அம்மாவுக்கு நான்கு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இரண்டு தெரு. பள்ளிக்கூடப் பதிவேட்டில் பெரியப்பா பெயர் ஏறியது, தடுப்பூசி அட்டையில் அப்பா பெயரே நின்றது. இதில் சோகக் கதை ஒன்றும் இல்லை. இரண்டு வீட்டிலும் சாப்பிட்டாள், இரண்டு வீட்டிலும் திட்டு வாங்கினாள், இங்கே கோபித்துக்கொண்டு அங்கே போனாள், அங்கே முறைத்துக்கொண்டு இங்கே வந்தாள். இப்படி ஒரு வசதி எல்லாப் பிள்ளைக்கும் கிடைப்பதில்லை. ஆனாலும் படிவங்களில் பெற்றோர் பெயர் என்ற கட்டம் வரும்போது அவள் பேனா சற்று நிற்கும். ஒரே வருடத்தில் இரண்டு படிவத்தில் இரண்டு பெயர் எழுதியதைக் கணவன் பார்த்துவிட்டான். கேட்டதற்கு, “ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு. சண்டை வராது” என்றாள்.

அலுவலகத்திலும் நிலைமை ஏறக்குறைய அதுதான். பதினொரு வருடமாகத் தற்காலிகம். எந்தப் பிரிவின் கீழும் அவள் பெயர் கிடையாது. பிரிண்டருக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில் அவள் நாற்காலி. சுவரில் ஒட்டிய தொலைபேசிப் பட்டியலில் எல்லாருடைய எண்ணும் அச்சில் இருக்கும். அவளுடையது மட்டும் அடியில் பென்சிலில். பென்சில் அழியும்போதெல்லாம் யாராவது ஒருவர் மறக்காமல் மேலே எழுதிவிடுவார்கள். அந்த அளவுக்கு அவளை எல்லாருக்கும் பிடிக்கும்.

அந்தத் திங்கட்கிழமை வந்த வரிகள் லிஃப்டின் உதிரிபாகங்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரு பாகத்தின் எண், பெயர், அது எந்த வகைத் தொகுதியில் வரும் என்ற குறிப்பு, அதோடு ஒன்றிலிருந்து ஐந்து வரை ஏதோ ஒரு படி எண். எல்லாம் எக்ஸ்எம்எல் கோப்பாக வந்தது. எக்ஸ்எம்எல் என்பது ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு திறப்பும் ஒரு மூடியும் வைத்து எழுதும் முறை; டப்பாவுக்குள் டப்பா வைப்பதற்கென்றே பிறந்தது. இந்தக் கோப்பிலோ ஒரு டப்பாவுக்குள்ளும் இன்னொரு டப்பா இல்லை. முழு மோட்டாரும் அதன் வாஷரும் ஒரே உயரத்தில், ரேஷன் வரிசை போல, ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. எது எதற்குள் போகிறது என்று எந்த வரியும் வாய் திறக்கவில்லை.

முன்பெல்லாம் இதைக் கையால் வெட்டி ஒட்டி அடுக்குவார்கள். ஒரு வருடம் பிடிக்கும். பட்டியல் புத்தகமாக வெளிவருவதற்குள் அந்த மாடல் லிஃப்டே நின்றுபோகும். எக்ஸ்எஸ்எல்டியில் ஒரே ஒரு விதித்தாள் எழுதினால் இது தானாக அடுக்கிக்கொள்ளும் என்று அவள் மேலாளரிடம் சொன்னாள். இப்படி ஒன்றைக் கண்டால் அப்படி எழுது என்று கணினிக்குச் சொல்லும் விதிகளின் தொகுப்பு அது. மேலாளர் மோசமான மனிதர் அல்ல. எதையும் இரண்டில் ஒன்றாகக் கேட்டுப் பழகியவர். புத்தகம் மெக்கானிக்குகளின் சோதனையில் தேறினால் அவளுக்கு நிரந்தர வேலை. தேறாவிட்டால் பட்டியல் வேலை முழுவதும் வெளிக் கம்பெனிக்குப் போய்விடும். அதோடு பிரிண்டருக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில் இருக்கும் நாற்காலியும் போய்விடும்.

சோதனை என்பது அந்தக் கம்பெனியின் பழைய முறை. தலைமை மெக்கானிக் ஒரு பெட்டி நிறைய பாகங்களைக் கொண்டுவந்து, பத்தை எடுத்து மேசையில் வைப்பார். புத்தகம் செய்தவர் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் காட்ட வேண்டும். பத்தும் சரியென்றால்தான் கையெழுத்து. ஒன்பது சரியென்றால் போய் வா. அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். சட்டைப் பையில் அதை வைத்திருந்தார் என்பதோடு, தேவையில்லாத இடத்திலும் எடுத்துப் பார்ப்பார் என்பதும் காரணம்.

மூன்று வாரத்தில் விதித்தாள் தயாராகிவிட்டது. இருநூற்று நாற்பது வரி. அவள் உற்சாகத்தில் வீட்டுச் சாவியை அலுவலகத்திலும் அலுவலகச் சாவியை வீட்டிலும் மறந்தாள். சோதனை நாளன்று மெக்கானிக்குகள் அத்தனை பேரும் சுவரோரம் நின்றார்கள். கணவனும் நின்றான். பூதக்கண்ணாடி முதலில் வைத்தது ஒரு ஸ்பிரிங், பிரேக்கில் போகிறது. அவள் பிரேக் பக்கத்தைத் திருப்பினாள். அங்கே ஸ்பிரிங் என்ற சொல்லே இல்லை. தேடினாள். கதவு என்ற தலைப்பின் கீழ், ஸ்பிரிங் தொகுதி என்ற ஒரே டப்பாவுக்குள், லிஃப்டில் உள்ள அத்தனை ஸ்பிரிங்கும் வரிசையாகப் படுத்திருந்தன. பூதக்கண்ணாடி கண்ணாடியை எடுத்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பக்கத்துக்குப் பக்கம் எச்சில் தொட்டுத் திருப்பினார். இருநூற்றுப் பன்னிரண்டு.

“ஏம்மா, இது கதவா மெத்தையா?” என்றார். “இதுல சுகமா படுத்துத் தூங்கலாம். ஆனா பிரேக்குல ஒண்ணுகூட இல்லையே. உன் லிஃப்டுல யாரு ஏறுறது?”

அறையே சிரித்தது. கணவனும் சிரித்துவிட்டான். ஒரு நொடிதான். அந்த நொடியில்தான் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

மேலாளர் இரண்டு வாரம் தவணை கொடுத்தார். அதற்குமேல் இல்லை என்றார்.

அடுத்த மூன்று நாள் வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதுதான் பயமாக இருந்தது. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, சட்டை தேய்த்திருந்தது, கேட்டதற்குப் பதில் வந்தது. அவளாக ஒன்றும் கேட்கவில்லை. மகள் கல்லூரிக்குப் போகிறவள். வீட்டு நிலவரத்தை முகர்ந்தே அறிவாள். அப்பாவிடம் வந்து, “என்னப்பா, மெத்தை குத்துதா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். கதை அவள் காதுவரை போயிருக்கிறது என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சமாதானத்துக்கு அவனுக்குத் தெரிந்த ஒரே வழி எதையாவது பழுது பார்ப்பது. ஞாயிறு காலை கூடத்து மேசை விசிறியைக் கழற்ற உட்கார்ந்தான். அது ஒரு மாதமாகத் தலையாட்ட மறுத்தது. ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு வீம்பாக நின்றது. வீட்டில் அது ஒன்று மட்டுமே தன்னைப்போல் இருக்கிறது என்று சொல்லி அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தான். அவள் அலமாரி துடைத்துக்கொண்டிருந்தாள். துணி ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது.

பழைய போர்வை ஒன்றைத் தரையில் விரித்து, கழற்றக் கழற்ற ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனான். முதலில் முன்கூடு. அதன் வலப்புறம் கொஞ்சம் தள்ளி அதன் கொக்கிகள். பிறகு இறக்கை, தள்ளி அதன் மூடி. பிறகு பின்கூடு, தள்ளி அதன் மூன்று திருகாணி. பிறகு மோட்டார் மூடி. தள்ளி அதன் நான்கு திருகாணி. எதன்மேலும் எழுதவில்லை, எதையும் கட்டி வைக்கவில்லை. கம்பெனியில் எல்லா மெக்கானிக்கும் இப்படித்தான் செய்வார்கள். இருபத்தைந்து வருடமாக அவன் வேறு விதமாகச் செய்ததில்லை. கையைத் துடைக்கத் துணி எடுக்க உள்ளே போனான்.

திரும்பி வந்தபோது அவள் போர்வையோரம் குந்தியிருந்தாள். சிதறிக் கிடந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஏழு திருகாணியையும் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டு, அந்தக் கிண்ணத்தை இன்னொரு கிண்ணத்துக்குள் வைத்திருந்தாள்.

“ஐயையோ, என்னம்மா பண்ணிட்ட” என்று அவன் தலையில் கை வைத்தான்.

“ஒரே மாதிரி இருந்துச்சு. சேர்த்து வச்சேன்.”

“ஒரே மாதிரி இருந்தா ஒண்ணா சேர்த்துடுவியா? இதுல மூணு பின்கூட்டோடது, நாலு மோட்டாரோடது. மயிரளவு நீளம் வித்தியாசம். மாத்திப் போட்டா மோட்டார்ல போய் முட்டும்.”

“எது எதோடதுன்னு எங்க எழுதியிருக்கு?”

“எதுக்கு எழுதணும்? அது கெடந்த எடம்தான் எழுத்து. தள்ளிக் கெடக்குற திருகாணிக்கு, அப்படியே மேல பார்த்துட்டுப் போ, அதைவிடத் தள்ளாத சாமான் எது மொதல்ல வருதோ அதுதான் அதோட வீடு. வரிசையைக் கலைச்சுட்டா நான் என்ன, விசிறி செஞ்சவனே வந்தாலும் சொல்ல மாட்டான்.”

அவள் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே போர்வையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவன் கோபமாகப் பேசிவிட்டோமோ என்று பயந்து, பரவாயில்லை, நீளம் அளந்து பிரித்துவிடலாம் என்று இறங்கி வந்தான்.

“ஏங்க,” என்றாள், மூன்று நாளில் முதல்முறையாக. “அந்தக் காலத்துல பட்டியல் எழுதினவங்க எங்க உக்காந்து எழுதியிருப்பாங்க?”

“பணிமனையிலதான். மெக்கானிக் கழட்டிப் பரப்புவான், குமாஸ்தா பக்கத்துல உக்காந்து வரிசையா எழுதிக்குவான்.”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அப்படியே போர்வையோரம் உட்கார்ந்து, கிண்ணம் குலுங்க, திருகாணி குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, சமாதானம் ஆகிவிட்டது என்று எண்ணி மறுபடி கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தப் பதினெட்டாயிரத்து நானூறு வரியும் ஒரு போர்வை. படி எண் என்பது எவ்வளவு தள்ளி வைக்கப்பட்டது என்ற அளவு. அவளுடைய விதித்தாள் பெயரைப் பார்த்துச் சேர்த்தது: ஸ்பிரிங் தொகுதி என்று எங்கெங்கே கண்டதோ அதையெல்லாம் பொறுக்கி, முதலில் கண்ட கதவுக்குள் கொட்டியது. கிண்ணத்தில் திருகாணியைப் போட்டதும் கதவில் ஸ்பிரிங்கைக் கொட்டியதும் ஒரே கை, ஒரே சுபாவம். தன் தவறு தன் குணத்திலிருந்தே வந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பவர்கள் பொதுவாகச் சோர்ந்துபோவார்கள். அவளுக்கு அது சிரிப்பாக இருந்தது. இந்த ஒரு விஷயத்தில் அவளைப் பாராட்டலாம்.

திங்கட்கிழமை இருநூற்று நாற்பது வரியையும் அழித்தாள். புதிதாக எழுதியது நாற்பது வரிகூட இல்லை. பெயரைப் பார்க்காதே, வரிசையைக் கலைக்காதே. ஒன்று என்ற படி எண் வரும் இடத்தில் ஒரு கூட்டம் தொடங்குகிறது, அடுத்த ஒன்று வரும்வரை எல்லாம் அதன் வயிற்றுக்குள். அந்தக் கூட்டத்துக்குள் போய், இரண்டு வரும் இடமெல்லாம் புதுக் கூட்டம். அதற்குள் மூன்று. ஐந்து படிக்கும் ஐந்து விதி எழுதவில்லை. ஒரே விதி, ஒவ்வொரு முறையும் எண்ணை ஒன்று கூட்டித் தன்னையே கூப்பிட்டுக்கொள்ளும். ஓடவிட்டபோது கணினி நான்கு நொடி எடுத்துக்கொண்டது. ஸ்பிரிங்குகள் பத்தொன்பது வீட்டுக்குப் பிரிந்து போயின. பிரேக்குக்கு எட்டு வந்தது. மத்தியானம் கணவனுக்குத் தொலைபேசியில் ஒரே வாக்கியம்தான் சொன்னாள்: “மெத்தையைப் பிரிச்சாச்சு.” அவன் ஒரு ஒன்பது மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டு தனியாகச் சிரித்தான். மேலே நின்ற காவலாளி, என்ன சார், கீழே யாராவது இருக்காங்களா என்று கேட்டார்.

ஒரே ஒரு வரிதான் அடங்கவில்லை. கோப்பின் முதல் வரி அது. படி எண் இருக்க வேண்டிய இடம் காலி. பெயர்: முக்கோணச் சாவி. லிஃப்ட் நடுவில் நின்று ஆள் உள்ளே மாட்டிக்கொண்டால், மாடிக் கதவை வெளியிலிருந்து திறக்கும் சாவி. மேலாளர் அதைக் கடைசிப் பக்கத்து இதர பாகங்களில் போடச் சொன்னார். கணவனிடம் கேட்டாள். அவன் யோசித்து, திறப்பது கதவை என்பதால் கதவின் கீழ்தான் நியாயம் என்றான். பணிமனையில் இரண்டு பேர், அது லிஃப்டில் இருப்பதே இல்லை, மெக்கானிக் இடுப்பில்தான் இருக்கிறது, எனவே கருவிப்பெட்டிக் கணக்கு என்றார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். தலையையும் ஆட்டினாள்.

இரண்டாம் சோதனைக்குக் கூட்டம் இன்னும் அதிகம். மெத்தை பார்த்தவர்கள் பார்க்காதவர்களையும் அழைத்து வந்திருந்தார்கள். முதல் ஸ்பிரிங் பிரேக்கில் கிடைத்தது. ரோலர், வாஷர், கேபின் அடியில் போகும் ரப்பர், பெயரே இல்லாமல் எண் மட்டும் உள்ள ஒரு தகடு என்று ஒன்பதும் அவள் விரல் போன இடத்தில் இருந்தன. பூதக்கண்ணாடி ஒவ்வொன்றையும் மூன்று முறை பார்த்தார். சுவரோரம் யாரோ, அதுக்குள்ள லிஃப்டே வந்துடும் என்று முணுமுணுத்தார்கள்.

பத்தாவதுக்கு அவர் பெட்டியில் கை விடவில்லை. இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, தன் முக்கோணச் சாவியை மேசையில் வைத்தார்.

மேலாளர் முகம் தெளிந்தது. கடைசிப் பக்கம் என்று உதவி செய்யவும் செய்தார். அவள் கடைசிப் பக்கத்துக்குப் போகவில்லை. முதல் பக்கத்தைத் திறந்தாள். அந்தப் பக்கத்தில் அந்த ஒரு வரி மட்டும் இருந்தது. அதற்குப் பிறகுதான் லிஃப்டே தொடங்கியது. மோட்டார், கேபின், கதவு ஆகிய பெரிய தலைப்புகளுக்குச் சமமான படியில், எதற்குள்ளும் இல்லாமல், தனக்குள்ளும் ஒன்றுமில்லாமல் சாவி நின்றது.

பூதக்கண்ணாடி கண்ணாடியை எடுக்காமலே பார்த்தார்.

“இதை ஏம்மா இங்க வச்ச?”

“பத்து ஆயிடுச்சுங்களே,” என்றாள். “கையெழுத்து போடுங்க.”

அவர் சாவியை எடுத்து மறுபடி இடுப்பில் கட்டினார். நிதானமாக முடிச்சுப் போட்டார். அதற்குப் பிறகு பேனா கேட்டார். ஐந்து பேனா நீண்டது, ஒன்று கணவனுடையது. இந்த முறை அவன் சிரித்தபோது அவளும் அவனைப் பார்த்தே சிரித்தாள். மாலைக்குள் சுவரில் புதுத் தொலைபேசிப் பட்டியல் வந்தது. அவள் பெயர் அச்சில் ஏறியிருந்தது. பழக்கத்தில் யாரோ அடியில் பென்சிலிலும் எழுதி வைத்தார்கள்.

அன்று வீட்டில் விசிறி தலையாட்டியது. கணவன் ஏழு திருகாணியையும் சரியாகப் பிரித்திருந்தான். மகள் அம்மாவுக்கு ஒரு தலையணை வாங்கி வந்து, ஸ்பிரிங் இல்லாததாகப் பார்த்து வாங்கினேன் என்றாள்.

பின்னால் ஒரு நாள் அவள் கணினியில் அந்த விதித்தாளைக் கணவன் பார்த்தான். அவனுக்கு அது புரியாது; ஆனால் வரிசை பார்க்கத் தெரியும். நாற்பது வரிக்கும் மேலே, தனியாக இடம் விட்டு, மூன்று வரி இருந்தது. அந்தச் சாவியின் எண்ணைச் சொல்லி, அதற்கு மட்டும் எழுதிய விதி. அப்படியானால் அது தானாகப் போய் விழுந்த இடம் இல்லை. கதவுக்காகவா, கயிற்றில் அதைக் கட்டிக்கொண்டு இருபத்தைந்து வருடம் அலையும் தனக்காகவா, இரண்டு தெருவுக்கு நடுவில் வளர்ந்த வேறு யாருக்காகவாவதா என்று அவன் கேட்க நினைத்தான். கேட்டும்விட்டான். அவள் சாப்பாடு ஆறுகிறது என்றாள்.

வருடத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது. ஒவ்வொரு முறையும் மேலாளர் சிவப்பு மையில், சாவியைக் கடைசிப் பக்கத்துக்கு மாற்றவும் என்று எழுதி அனுப்புகிறார். அவள் பார்த்தேன் என்று பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, தாளை உறைக்குள் வைத்து, உறையைக் கோப்புக்குள் வைத்து, கோப்பை அலமாரிக்குள் வைத்துவிடுகிறாள். புதுப் புத்தகம் கைக்கு வந்ததும் கணவன் முதல் பக்கத்தைத்தான் திறக்கிறான். இந்த வருடமும் சாவி அங்கேயே இருக்கிறது.